சல்லடை மோட்டார் என்னுது

அந்த ஒயர அப்படி இழுத்துப் புடிக்காதீங்க சார். உங்களத்தான் சொல்றேன். போனுக்கும் மடியில இருக்கற அந்த பேட்டரிக்கும் நடுவுல விறைப்பா வெச்சிருக்கீங்க பாருங்க, பஸ்சு குலுங்கற ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது கழுத்துல அடி வாங்குது. கொஞ்சம் தொங்க விடுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப குலுங்கட்டும். ஒயரு பாட்டுக்கு ஆடிக்கிட்டு வரும், கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது.

தப்பா நெனச்சுக்காதீங்க. ஒயரப் பாத்தா எனக்கு வாய் சும்மா இருக்காது. இருபத்தாறு வருஷம் சார், ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சேகோ மில்லுல எலக்ட்ரீஷியன். பேரு தீர்த்தகிரி. நீங்களும் சேலந்தானா? நான் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போறேன். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல. பயந்தவன் ஜன்னலோரம் உக்காந்து முறுக்கு திம்பானா? எடுத்துக்கோங்க, வீட்ல சுட்டது.

சேகோ மில்லு பாத்திருக்கீங்களா? பாயாசத்துல போடற ஜவ்வரிசி வருதே, அது எங்க ஊருலருந்துதான். குச்சிக்கெழங்கத் தோலுரிச்சு அரைச்சா பால் வரும். பாலச் சல்லடையில விட்டா திப்பி மேல நிக்கும், பால் கீழ எறங்கும். பொறவு தொட்டியில தெளிய வெச்சு எடுக்கறது. எல்லா எடத்துலயும் தண்ணி. தண்ணின்னா நல்ல தண்ணி இல்ல, புளிச்ச தண்ணி. இரும்பத் தின்னும், செம்பத் தின்னும், காலுல பித்தவெடிப்பு இருந்தா அதையும் தின்னும். அந்த எடத்துல பன்னெண்டு மோட்டாரு. பன்னெண்டையும் இருபத்தாறு வருஷம் நான் ஓட்டியிருக்கேன்.

அதுல பதினொண்ணு சாது. தரையில போல்ட்டு போட்டு உக்காந்திருக்கும், அது பாட்டுக்குச் சுத்தும். பன்னெண்டாவது இருக்குதே, சல்லடை மோட்டாரு, அதுதான் துஷ்டன். சல்லடையே ஆடணும்ல? ஆட்டற மோட்டாரு சல்லடை மேலயே உக்காந்திருக்கும். அப்ப மோட்டாரும் ஆடும். ஆனா கரண்டு எங்கருந்து வருது? தூண்லருந்து. தூணு ஆடுமா? ஆடாது. ஆடாத எடத்துலருந்து ஆடற எடத்துக்கு ஒரு ஒயரு போகணும். அங்கதான் சார் வேலையே இருக்குது. மத்ததெல்லாம் யாரு வேணா பண்ணலாம்.

நான் என்ன பண்ணுவேன், தூண்ல ஒரு எடத்துல கெட்டியாக் கட்டுவேன். மோட்டார்கிட்ட ஒரு எடத்துல கெட்டியாக் கட்டுவேன். நடுவுல ஒரு முழம் தொங்க விடுவேன். இப்ப நீங்க விட்டிருக்கீங்களே, அப்படி. கட்டறதுக்குப் பழைய சைக்கிள் ட்யூப். விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு சுத்து ஒயர, ஒரு சுத்து சல்லடையோட இரும்புச் சட்டத்த, மறுபடி ஒயர. ரெண்டுக்கும் நடுவுல ரப்பரு வந்துரும், ஒயரு இரும்புல ஒரசாது. பாக்க நல்லா இருக்காது. ஒத்துக்கறேன். ஆனா இருபத்தாறு வருஷத்துல அந்த ஒயரு ஒரு தடவை அறுந்துச்சுன்னு யாராச்சும் சொல்லட்டும், நான் இந்தப் பஸ்சுலருந்து எறங்கிக்கறேன்.

இந்த வருஷம் கெழங்கு சீசன் ஆரம்பிக்கறப்ப மொதலாளி ஒரு எஞ்சினியரக் கூட்டிட்டு வந்தாரு. கோகுல்நாத்துன்னு பேரு, நாமக்கல் பையன். இருபத்தஞ்சு வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில டேப்பு. வந்த மொத நாளே பன்னெண்டு மோட்டாரையும் போட்டோ எடுத்தான். சல்லடைகிட்ட வந்து நின்னுக்கிட்டு, "என்னண்ணா இது, துணி காயப்போடற கொடி மாதிரி தொங்குது?"ன்னான்.

பக்கத்துல திப்பி அள்ளற பொம்பளைங்க நின்னாங்க. சிரிச்சாங்க. பூவாயின்னு ஒருத்தி, பதினஞ்சு வருஷமா அங்க சவுளால திப்பி வாரறவ, அவளும் சிரிச்சா. எனக்குக் கோவமே வராது சார், வீட்ல வேணா கேட்டுப் பாருங்க.

தொங்கறது ஏன் தொங்குதுன்னு அவன் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல. ஒரு வாரத்துல பிளாஸ்டிக் டை ஒரு மூட்டை வந்து எறங்குச்சு. வெள்ளை வெள்ளையா, பல்லு வெச்சது, இழுத்தா பூட்டிக்கும். பதினோரு மோட்டாருக்கும் நானும் அவனும் சேந்துதான் போட்டோம். நல்ல வேலைதான், இல்லைங்கல. ஒயரெல்லாம் சுவத்தோட கோடு போட்ட மாதிரி போச்சு. மோட்டாருக்குள்ள ஒயரு நுழையற வாய்க்கெல்லாம் பித்தளை மூடி வாங்கிப் போட்டான், தண்ணி உள்ள போகாது. அதுவும் நல்ல வேலைதான். நான் நல்லதை நல்லதுன்னு சொல்ற ஆளு.

கடைசியில சல்லடை மோட்டாரு. அதுக்கு மட்டும் என்னக் கூப்பிடல. நான் சாப்பிடப் போயிருந்தேன், வந்து பாக்கறேன், என் ட்யூப் கட்டெல்லாம் பிளேடால அறுத்துக் கீழ கெடக்குது. ஒயர விறைப்பா இழுத்து, சட்டத்து விளிம்போட ஆறு டை போட்டுக் கட்டியிருக்கான். போட்டோ எடுத்து மொதலாளிக்கு அனுப்பியிருக்கான். மொதலாளி அந்தப் போட்டோவ என்கிட்டயே காட்டி, "பாத்தியா தீர்த்தகிரி, வேலைன்னா இப்படி இருக்கணும்"னாரு.

இருக்கட்டும்னேன்.

அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியுது. ஏன் சார் சொல்லணும்? அவன் எஞ்சினியரு. படிச்சவன். மறுநாள் அரவை மோட்டாருல ஒரு டை கழண்டு கெடந்துச்சு, நான் பாட்டுக்கு ட்யூப் வெச்சுக் கட்டிட்டேன். அதுக்கு அவன் வந்து, மூட்டை தூக்கற பசங்க அத்தன பேருக்கு முன்னால, "அண்ணா, இனிமே என்னக் கேக்காம எந்த மோட்டார் ஒயரையும் தொடாதீங்க"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். அண்ணான்னுதான் சொன்னான். அந்த மரியாதைதான் சார் எனக்கு இன்னும் எரியுது. திட்டியிருந்தா நானும் திட்டிட்டு மறந்திருப்பேன்.

அதுக்கப்பறம் அவன்கிட்ட நான் பேசல. கோவமெல்லாம் இல்ல. பதினோரு நாள் பேசல, அவ்வளவுதான். டீ குடிக்கறப்ப அவன் வந்தா நான் டம்ளர வெச்சுட்டு எந்திரிச்சுருவேன். அவனும் ரெண்டு தடவை, "அண்ணா, சல்லடை ஒயரு ஓக்கேவா, வந்து ஒருக்கா பாருங்களேன்"னு கேட்டான். தொடக்கூடாதுன்னுட்டு வந்து பாக்கச் சொன்னா? "நீங்க பாத்தா சரிங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டேன். சாருன்னு சொன்னேன், கவனிச்சீங்களா? வேணும்னேதான்.

இது வாழப்பாடியா? ஆமா. தண்ணி வேணுமா உங்களுக்கு? எனக்கும் வேண்டாம்.

பன்னெண்டாவது நாள், வியாழக்கெழமை. மத்தியானம் சல்லடையக் கழுவறதுக்கு நிறுத்தியிருந்தாங்க. நான் சும்மா அந்தப் பக்கமாப் போனேன். சட்டத்து விளிம்புல, மூணாவது டைக்குக் கீழ, கருப்பா மாவு மாதிரி படிஞ்சிருக்குது. விரல்ல தொட்டு மோந்து பாத்தேன். ரப்பரு. ஒயரோட தோலு. விளிம்பு ஆடி ஆடி அறுக்குது, டை அத அசைய விடாம அங்கயே புடிச்சு வெச்சுக் குடுக்குது. ஒயரத் தூக்கிப் பாத்தா, தோலு முக்கால்வாசி போயிருந்துச்சு. உள்ள இருக்கற செகப்பு ஒயரு எட்டிப் பாக்குது.

நான் பாத்தேன் சார். அத மறைக்கல.

எங்கிட்ட எப்பவும் ட்யூப் இருக்கும். எடுத்து, கத்தியால ஒரு துண்டு வெட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை. டைய அறுத்துட்டு, ஒயரச் சுத்தி டேப்பு ஒட்டி, தொங்க விட்டுக் கட்டினா முடிஞ்சுது. துண்டக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். அப்ப அந்த வார்த்தை காதுல கேட்டுச்சு. தொடாதீங்க. சரி, தொடல. துண்ட மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அவனே வரட்டும், அவனே பாக்கட்டும், அவனே என்கிட்ட வந்து, அண்ணா இத எப்படிக் கட்டறதுன்னு கேக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். வரல. நான் வீட்டுக்குப் போயிட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன். நல்லாத்தான் தூங்கினேன்.

வெள்ளிக்கெழமை காலையில பத்தரை. சல்லடை ஓடிக்கிட்டு இருக்குது. நான் தூணுக்கு இந்தப் பக்கம் பேனல் போர்டுகிட்ட நிக்கறேன். அவன் வர்றான். காலுல செருப்பு இல்ல, பால் தொட்டிகிட்ட எல்லாரும் கழட்டிருவாங்க. ஒரு கையில போனு, இன்னொரு கைய சட்டத்து மேல வெச்சான்.

கத்தக்கூட இல்ல சார். கத்தணும்னா மூச்சு வேணும்ல? அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னான். பூவாயிதான் அலறுனா. அவ அவனப் புடிக்க ஓடறா, "தொடாத!"ன்னு நான் கத்தினேன். மெயின அடிச்சு எறக்கினேன். கண்ணு மூடித் தொறக்கற நேரந்தான். அவன் சாக்கு மாதிரி விழுந்தான். நெஞ்சுல கை வெச்சு அமுக்கினேன், ஒரு தடவை நாங்க ட்ரெயினிங் போயிருந்தோம், அது ஞாபகம் இருந்துச்சு. இருமினான். பொழச்சுக்கிட்டான். உள்ளங்கை வெந்து போச்சு. ரெண்டு வெரலு இனிமே மடங்காதுன்னு டாக்டரு சொல்றாரு.

இரும்புல கரண்டு ஏறினா ஃப்யூசு போகணுமே, ஏன் போகலன்னு கேப்பீங்க. கேக்கணும். எர்த்து ஒயரு, பச்ச ஒயரு, அது இருந்துச்சு. சட்டத்துல மாட்டற எடத்துல புளிச்ச தண்ணி தின்னுருச்சு. அது வேற கத, விடுங்க.

அப்பறம் நடந்ததுதான் சார் என்னால தாங்க முடியல. மில்லு முழுக்க என்னப் பாராட்டறாங்க. தீர்த்தகிரி இல்லன்னா பையன் செத்திருப்பான். மூட்டை தூக்கற பசங்க கை குடுக்கறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவங்கம்மா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "அண்ணா, நீங்க எங்க குலசாமி"ன்னு அழுவுது. தூக்குல சோறு கட்டி எடுத்துட்டு வந்து எனக்குப் போடுது. மகன் கையில கட்டோட படுத்திருக்கான், அந்தம்மா எனக்கு ரசம் ஊத்துது! வேண்டாங்கன்னா கேக்கல. ரெண்டு வாய் சாப்பிட்டுத் தட்ட வெச்சுட்டேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணா, நீங்க அப்பவே சொல்லியிருப்பீங்க. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னுதுதான். மொதலாளிக்கு லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன்." இடது கையால எழுதியிருக்கான் சார். எழுத்து, ஒண்ணாங்கிளாஸ் பையன் எழுத்து மாதிரி.

நான் எங்க சொன்னேன்? சொல்லவே இல்லையே! சொல்லாத ஒண்ண நான் சொன்னதா இவனா நெனச்சுக்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். அந்தக் கட்டில்ல படுத்துக் கெடக்கறவனப் புடிச்சு உலுக்கலாமான்னு இருந்துச்சு.

சனிக்கெழமை மில்லுக்குப் போனா பூவாயி திப்பி அள்ளிக்கிட்டு இருக்கா. சவுள நிறுத்திட்டு, "ஏனுங்ணா, வியாழக்கெழம நீங்க ரப்பரு வெட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னீங்களே?"ன்னா.

"நின்னேன். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க." அவ்வளவுதான் சொன்னா. திரும்பிக்கிட்டு அள்ள ஆரம்பிச்சுட்டா. ஏதாச்சும் திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். வாய அடைச்சுட்டுப் போயிட்டா. அதுலருந்து என்னப் பாத்தா சிரிக்கறது இல்ல. மொதல்ல சிரிச்சாளேன்னு வயிறெரிஞ்சேன், இப்ப சிரிக்க மாட்டேங்கறாளேன்னு எரியுது.

மொதலாளி கூப்பிட்டாரு. ஒரு காகிதம், டைப் அடிச்சது. இதோ, இந்தப் பையிலதான் இருக்குது. "இன்ஸ்பெக்டரு விசாரிப்பாரு, இதக் குடுத்து கையெழுத்துப் போட்டுட்டு வா"ன்னாரு. படிச்சேன். எஞ்சினியர் கோகுல்நாத் என் பேச்சைக் கேக்காம ஒயரக் கட்டினாரு, நான் பலமுறை எச்சரித்தேன், அவர் அலட்சியப்படுத்தினாருன்னு போட்டிருக்குது. நான் அவரப் பாத்தேன்.

"மொதலாளி, நான் ஒரு தடவைகூட எச்சரிக்கலீங்களே."

"யோவ், அவனே ஒத்துக்கிட்டான். உனக்கென்ன? அவன் போயிருவான். மில்லுல மறுபடி உன் ராஜ்ஜியந்தான்."

"அந்தப் பையனுக்கு வேற எடத்துல வேலை கெடைக்குங்களா?"

"அது அவன் பாடு. நீ வேற மாதிரி ஏதாச்சும் ஒளறினீன்னா, உன் பாடு என்னாகும்னு யோசிச்சுக்கோ."

வீட்ல அலமேலுவும் அதத்தான் சொல்றா. "ஏங்க, பொழைக்க வெச்ச பேரு வந்திருக்குது, அத வெச்சுக்கிட்டு சும்மா இருங்களேன். நீங்களே போய் உங்க தலையில மண்ண அள்ளிப் போட்டுக்குவீங்களா?"ன்னு. முறுக்கு சுட்டுக் குடுத்துக்கிட்டேதான் சொன்னா. நான் கையெழுத்துப் போட்டுருவேன்னு நெனச்சுத்தான் சுட்டிருப்பா.

நீங்க என்ன நெனைக்கறீங்க, நான் மனசு எளகிட்டேன்னா? அந்தப் பையன் மேல பாவப்பட்டுப் போறேன்னா? அதெல்லாம் கெடையாது சார். பாவம் வேற, நியாயம் வேற. எனக்கு அவனப் புடிக்கல, இன்னைக்கும் புடிக்கல. கொடி மாதிரி தொங்குதுன்னு சொன்னவன்தானே?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த மோட்டாரு யாருது? இருபத்தாறு வருஷம் அது எங்கிட்ட இருந்துச்சு. அது எப்ப சூடாகும், எப்ப முனகும், மழை நாள்ல ஸ்டார்ட் பண்ணா எப்படி இருமும்னு எனக்குத் தெரியும். என் மூத்தவ பொறந்த அன்னைக்குக்கூட நான் அதோட பேரிங் மாத்திக்கிட்டு இருந்தேன். அந்த மோட்டாருல ஒரு தப்பு நடந்தா அது தீர்த்தகிரியோட தப்பு. நல்லா ஓடினா தீர்த்தகிரியோட ஓட்டம். நேத்து வந்தவன், ரெண்டு மாசம்கூட ஆகல, அவன் எப்படி சார் அது தன் தப்புன்னு இடது கையால எழுதிக் குடுக்கலாம்? யாரக் கேட்டு எழுதினான்? தொடாதன்னு என்ன ஒதுக்கினான், சரி. இப்ப தப்புலருந்தும் என்ன ஒதுக்கறானா? விட்டுருவனா நான்?

வேலை போகும். போகட்டும். மொதலாளி நாளைக்கே வேற ஆளு போடுவாரு. போடட்டும். குலசாமின்னு சோறு போட்ட அந்தம்மா தூக்க எடுத்து என் மூஞ்சியில அடிக்கும். அடிக்கட்டும் சார். அத வாங்கினாத்தான் எனக்கு அந்த ரசம் செரிக்கும்.

பச்ச ஒயரையும் சொல்லிருவேன். அத மட்டும் எதுக்கு மிச்சம் வெக்கறது? போன சீசன்ல, தை மாசமே பாத்தேன், சீசன் முடியட்டும் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். அவன் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. அப்ப அவன்மேல எனக்குக் கோவமும் இல்ல, ஒரு சாக்கும் இல்ல. என்ன சொல்ல வர்றேன்னா... ஒண்ணுமில்ல. அதுவும் என்னுதுதான்.

உங்க ஒயரு மறுபடி இழுத்துக்கிச்சு பாருங்க. நீங்க சாய்ஞ்சீங்க, அது விறைச்சுப் போச்சு. இருங்க, ஒரு கட்டு போட்டுத் தர்றேன், ட்யூப் இருக்குது... வேண்டாம். இது அந்தத் துண்டு சார். வியாழக்கெழமை வெட்டினது. சட்டைய மாத்தறப்பெல்லாம் இதையும் மாத்திப் பையில போட்டுக்கறேன். இத இன்ஸ்பெக்டரு மேசை மேல வெக்கணும். இதத் தர முடியாது. நீங்க கையாலயே புடிச்சுக்கோங்க.

அயோத்தியாப்பட்டணம் வந்துருச்சா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். சார், பேனா இருக்குதா உங்ககிட்ட? குடுங்க. இந்தக் காகிதத்த இப்பவே சரி பண்ணிரலாம், ஆபீசு வாசல்ல போய் நின்னா அலமேலு மூஞ்சி ஞாபகம் வந்துரும். பஸ்சு குலுங்கட்டும், கோணலா வந்தா வரட்டும். அவன் இடது கையால எழுதினதவிட மோசமாவா இருந்துரும்?

இங்க பாருங்க, பலமுறை எச்சரித்தேன்னு இருக்குதே, இத அடிச்சுட்டேன். மேல இத எழுதறேன். பார்த்தேன். சொல்லவில்லை. கீழ பேரு. தீர்த்தகிரி, எலக்ட்ரீஷியன்.

தெளிவா இருக்குதா பாருங்க சார். உங்களுக்குப் படிக்க வருதுல்ல? அப்ப அவங்களுக்கும் வரும்.